விளக்கு வைக்காத கடை

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம் தொடங்கி, மயிலிட்டியில் மீனாம்பிகையின் கடை வாசலில் பொழுது படுவதில்லை. வேலிக்கு வெளியே ஊர் வழக்கம்போல இருட்டும், நாய் குரைக்கும், பிள்ளைகள் பாயில் சரிந்துவிடுவார்கள். வேலிக்கு உள்ளே மாத்திரம் மஞ்சள் வெயில் சாய்ந்து கிடக்கும். காங்கேசன்துறைப் பக்கம் பனைகளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரியன் நிற்கும்.

அதற்கு முன்னர் அந்தக் கடைக்கென்று தனிச் சிறப்பு ஒன்றும் இருந்ததில்லை. மயிலிட்டிச் சனங்கள் கூப்பன் அரிசிக்கும் சீனிக்கும் சங்கக்கடைக்குப் போனார்கள். அங்கே விலை குறைவு, வரிசை நீளம், மனேச்சரின் முகம் கடுகடுப்பு. விசுக்கோத்து, வாசனைச் சவர்க்காரம், பவுடர் டின் என்றால் சந்தியில் தியாகலிங்கத்தின் கடை; அங்கே கண்ணாடி அலுமாரியும் ரேடியோவும் இருந்தன, வாங்காமல் நின்று பார்ப்பதற்கே ஒரு கூட்டம் இருந்தது. கலியாணப் புடவைக்கு யாழ்ப்பாணம் பெரியகடைத் தெருவுக்குப் பஸ் ஏறினார்கள். நாலு கடை ஏறி இறங்கி, முதற் கடைக்கே திரும்பிப் போய் வாங்கினால்தான் பெண்களுக்குத் திருப்தி. இந்த மூன்று இடத்திலும் வாங்க மறந்ததை வாங்குவதற்குத்தான் மீனாம்பிகையின் கடை. மறதிக்காரரை நம்பிக் கடை நடத்துவது கஷ்டம்.

கடைக்காணி, இறந்துபோன கணவனின் தமையன் இளையதம்பியுடையது. அவர் ஒருநாள் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பிள்ளை, ஆடி முடியுமட்டும் பார். சரிவராட்டில் தியாகலிங்கம் சாமான் அடுக்கக் கேக்கிறான், குடுத்திடுவன்." கடை போனால் கொக்குவிலில் தம்பி வீட்டுக்குப் போய், தம்பி பெண்சாதியின் அடுப்படியில் ஒதுங்கிக் கிடக்க வேண்டும். மீனாம்பிகைக்கு அது வேண்டாம். "பாப்பம் அத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் விற்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்துக் கடைகளின் வழக்கம். கொடுத்தால் லட்சுமி அவற்றோடேயே படியிறங்கிப் போய்விடுவாள். மற்ற ஊர்களுக்கு இது பெரிய தொல்லையில்லை. மீன்பிடிக்கிற ஊருக்குப் பெருந்தொல்லை. வள்ளங்கள் லட்சுமியின் நேரம் பார்த்துக் கரைக்கு வருவதில்லை.

அந்த ஆனியில் ஒரு மாலை, வலை கிழியும் அளவுக்குச் சூடைமீன் பட்டது. கருவாடு போடுகிற நல்லம்மா உப்புக்கு ஓடினாள். சங்கக்கடை பூட்டியாயிற்று. தியாகலிங்கம் சாமி படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். "நாளைக்கு வா" என்றார். நாளைக்கு மீன் நாறிவிடும். மீனாம்பிகையின் வாசலுக்கு அவள் வந்தபோது, மீனாம்பிகை நெருப்புப்பெட்டியும் கையுமாக விளக்கடியில் நின்றாள்.

"கொழுத்திப்போட்டியோ பிள்ளை?"

"இன்னும் இல்லை அக்கா."

"அப்ப கொழுத்தாதை! உப்பை அள்ளு!"

மீனாம்பிகை நெருப்புப்பெட்டியை இறாக்கைத் தட்டில் வைத்துவிட்டு, கொத்துப் பேணியை எடுத்து உப்பை அளந்தாள். நல்லம்மாவுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் கடற்கரை முழுவதும். கடைசிச் சாக்கும் காலியான பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். வேலிக்கு வெளியே நட்சத்திரம். உள்ளே வெயில். விளக்கு வைக்காத இடத்தில் பொழுது எப்படிப் படும் என்று சனங்கள் கதைத்துக்கொண்டு போனார்கள். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. அன்றிலிருந்து அவள் விளக்கு வைக்கவில்லை.

பின்னர் கடைக்கு ஆட்கள் தாமாகவே வந்தார்கள். கிழிந்த வலை பொத்துகிறவர்கள் ஊசி வாங்கி, முற்றத்திலேயே இருந்து பொத்தினார்கள். பெரியகடையில் கறுப்பென்று வாங்கிய சேலை உண்மையில் கடும் நீலமா என்று பார்க்கப் பெண்கள் வந்து, வந்த இடத்தில் மல்லியும் சீரகமும் வாங்கினார்கள். அந்திமந்தாரை வாடாமல் வேலியை மூடிப் பூத்தது. கோழிகள் எப்போது அடைவது என்று தெரியாமல் நின்றபடியே நித்திரை கொண்டன. விடியற்காலையில் கொஞ்ச நேரம் கிழக்கு வெயிலும் மேற்கு வெயிலும் சேர்ந்து விழ, வாசலில் நிற்பவருக்கு இரண்டு நிழல் இருந்தது. மீனாம்பிகை ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு உறங்கப் பழகினாள். உப்பு அவளிடம் கொத்துக்கு ஒரு சதம் அதிகம்; ஆனாலும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒவ்வோர் ஆடியும் இளையதம்பி வந்து கூட்டத்தைப் பார்த்து, "இன்னொரு வருசம் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். காணியை மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை.

எழுபத்தோராம் ஆண்டு கடை இருந்த ஒழுங்கைக்கு மின்சாரம் வந்தது. தியாகலிங்கம் இளையதம்பியிடம் போனார். மீனாம்பிகையின் வாசற்படிக்கு நேரே தன் செலவில் கம்பம் நட்டு ஒரு ரியூப் லைட் போடுவதாகவும், விளக்கு எரிந்தால் பொழுது படும், பட்டால் அதுவும் எல்லாக் கடையையும் போல ஒரு கடை, பிறகு அதைத் தனக்கே தரவேண்டும் என்றும் கேட்டார். இளையதம்பி யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அன்று மாலை ஊர் கூடியது. குருநகரிலிருந்து கருவாடு ஏற்ற வந்த கத்தோலிக்கனான சந்தியோகு லொறியை நிறுத்திவிட்டு இறங்கினான். "எங்கடை ஆக்கள் எந்த நேரமும் உப்பு விப்பினம், தியாகலிங்கமண்ணை. உங்கடை லட்சுமிக்குத்தான் இருட்டினாக் கோவம்" என்றான். தியாகலிங்கம் அவனைப் பார்க்காமல் சுவிச்சைத் தட்டினார்.

ரியூப் லைட் இரண்டு தரம் கண்ணடித்துவிட்டு எரிந்தது. பனைகளுக்கு மேலே நின்ற சூரியன் நாலு விரற்கடை கீழே இறங்கியது. பன்னிரண்டு வருசத்தில் முதல் தடவையாக முற்றத்தில் நிழல் நீண்டது. கோழிகள் நம்பிக்கையோடு கூட்டுப் பக்கம் நடந்தன. இளையதம்பி கடையைப் பூட்டவென்று மடியில் கொண்டுவந்த பூட்டைத் தடவினார்.

மீனாம்பிகையின் கையில் பாதி நிரம்பிய கொத்து இருந்தது. கொக்குவில் அடுப்படி ஒருமுறை கண்ணுக்குள் வந்து போனது. அவள் கொத்தைக் கீழே வைக்கவில்லை.

"தியாகலிங்கமண்ணை, உது விளக்கோ?"

"விளக்கில்லாமல்? எரியுதே, கண் தெரியேல்லையோ?"

"விளக்கெண்டால் ஏத்தினவுடனை கும்பிடுவினம். இஞ்சை ஆர் கும்பிட்டது?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரும் கும்பிட்டிருக்கவில்லை.

"நீங்கள் தானே ஏத்தினனீங்கள், கும்பிடுங்கோவன்" என்றாள் நல்லம்மா. "ரியூப் லைட் தாயேயெண்டு நல்லாச் சத்தமாக் கும்பிடுங்கோ."

தியாகலிங்கம் கையை நெஞ்சுவரை உயர்த்தினார். கம்பத்தைப் பார்த்தார். அதில் ஒரு காகம் இருந்தது. கை கும்பிடப் போகவில்லை. காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. கூட்டம் சிரித்த சிரிப்பில் லொறிக்காரனின் சிரிப்பே பெரிது. சூரியன் இறங்கிய நாலு விரற்கடையும் திரும்ப ஏறி, பழைய இடத்தில் நின்றது. மீனாம்பிகை கொத்தின் மற்றப் பாதியையும் நிரப்பிக் கொடுத்தாள்.

அடுத்த கிழமை இளையதம்பி காணியை அவள் பேருக்கு எழுதினார். "உது இனி உன்ரை கடை, பிள்ளை. எனக்கு உந்த வெயிலிலை வந்து நிக்க ஏலாது" என்றார்.

தியாகலிங்கத்தின் கடையும் படுக்கவில்லை. மாலையில் உப்புக் கேட்டு வருகிறவர்களை, "நேரை போ, வெளிச்சமாக் கிடக்கும்" என்று அவரே அனுப்பினார்; போகிறவர்கள் போகிறபோது ஒரு விசுக்கோத்துப் பக்கற் வாங்கிக்கொண்டு போனார்கள். எண்பதாம் ஆண்டு வாக்கில் ஒரு மாலை, அவரே மீனாம்பிகையின் கடைக்கு வந்தார். வீட்டில் விருந்தாளிகள். அடுப்பில் குழம்பு.

"உப்பு ஒரு கொத்து."

"உங்கடை கடையிலை மூட்டையாக் கிடக்குமே அண்ணை?"

"விளக்கு வைச்சாச்சு."

அவள் கோபுரமாக அளந்து கொடுத்தாள். அவர் ஒரு சதம் கூட்டியே கொடுத்தார். வேலியைத் தாண்டியதும் ரோச் லைட்டை அடித்துக்கொண்டு, இருட்டில் வீட்டுக்கு நடந்தார்.