எஞ்சினைத் தள்ளிய கல் வண்டி

ஞாயிற்றுக்கிழமை வருவதாக அப்பா சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன்னைக் கேட்காமல் மகள் கல்யாணம் செய்துகொண்ட கோபத்தில் மாப்பிள்ளையிடம் அவர் இன்றுவரை நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "அந்த ஆளை வண்டியப் பாத்து ஓட்டச் சொல்லு" என்று அக்கறைகூட மகள் வழியாகத்தான் வந்து சேரும்.

அவள் கணவனுக்கோ கவலை வேறு. கல் குவாரியில் மாமனார் காலமெல்லாம் ஓட்டிய குட்டி ரயில் எஞ்சினைப் பித்தளைத் தகட்டில் உள்ளங்கை அளவுக்குச் செய்து முடித்திருந்தான். இனி அது ஓட வேண்டும். சாப்பாட்டு மேசையில் இரண்டு மோட்டார்கள் கிடந்தன.

"பெரிசு பல்சக்கரத்தோட இருக்கு, அழகா ஊர்ந்து போகும். ஆனா டிரைவர் நிக்கிற கேபினையே அடைச்சுக்கும். சின்னது பாய்லருக்குள்ள போயிடும். ஆனா குதிச்சுக் குதிச்சு ஓடும்."

"அப்பா முதல்ல கேபினுக்குள்ளதான் எட்டிப் பார்ப்பாரு. அங்க மோட்டார் உக்காந்திருந்தா தொலைஞ்சோம்."

"குதிச்சா மட்டும் மாலை போடுவாரா?"

எஞ்சினுக்குப் பின்னால் மாட்டும் கல் வண்டியை அவள் கையில் எடுத்தாள். "பெரிசை இதுக்குள்ள வை. மேல ஜல்லியப் போட்டு மூடிடு. பின்னாடியிருந்து தள்ளட்டும்."

"எஞ்சினை வண்டி தள்றதா? வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்டி!"

"தெரியாம பாத்துக்கோ."

அப்பா வந்தார். வந்ததும் குனிந்து கேபினுக்குள் பார்த்தார். தொப்பி வைத்த விரல்நகமளவு டிரைவர் ஒருவர் தாராளமாக நின்றிருந்தார். எஞ்சின் மேசைமேல் போட்டிருந்த தண்டவாளத்தில் ஒரு சுற்று ஊர்ந்து வந்து நின்றது. அவர் முகம் இளகியது. அவள் மூச்சு விட்டாள்.

அதற்குள் அவர் கை எஞ்சினையும் வண்டியையும் இணைத்த கொக்கியைக் கழற்றிவிட்டது. குவாரியில் தினமும் வண்டிகளைக் கோர்ப்பதற்கு முன் எஞ்சினைத் தனியாக ஓட்டிப் பார்த்துப் பழகிய கை அது.

"கொஞ்சம் பின்னால எடுக்கச் சொல்லு" என்றார் மகளிடம்.

கணவன் அவளைப் பார்த்தான். வேறு வழியில்லை, மோட்டாரை இயக்கும் குமிழைத் திருப்பினான். ஜல்லி வண்டி மட்டும் தன்பாட்டுக்குப் பின்னால் கிளம்பி வளைவில் திரும்பிப் போனது. எஞ்சின் அசையவில்லை.

கணவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "கேபின்ல மோட்டார் வச்சா நீங்க நிக்க இடமில்ல, மாமா. அதான்... இப்பவே மாத்திடறேன்."

அப்பா எஞ்சினைப் பார்த்தார், போய்க்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எஞ்சின் மினுக்கிக்கிட்டு நிக்குது. வேலையெல்லாம் பின்னாடி இருக்கிறவங்களுக்கு. உங்க அத்தை, இவ அம்மா, இருந்தவரைக்கும் எங்க வீடும் இப்படித்தான் ஓடிச்சு."

'அந்த ஆள்கிட்ட சொல்லு' என்று வரும் என அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"மாத்தாதீங்க. மாத்துனா நான் எங்க நிக்கிறது?" வண்டியைப் பிடித்து வந்து கொக்கியை அவரே மாட்டினார். "ம், எடுங்க மாப்ளே. மெதுவா."