வேல்ராஜின் வலது தோள்

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொன்னவன், பூண்டி வேல்ராஜோடு ஒரு வாரம் குடித்தனம் பண்ணிப் பார்த்திருக்க வேண்டும். தமயந்தி பதினோரு வருஷம் பண்ணினாள். இரண்டு பல் போனது, இடது காது மந்தமானது. அணைத்ததாக ஞாபகம் இல்லை.

ஆவணியில் வெள்ளைப்பூண்டு மூட்டையை ஜீப்பின் மேல் வீசும்போது அவன் வலது தோளில் ஏதோ கிழிந்தது. சுளுக்கு எடுப்பவனிடம் போய் எண்ணெய் விட்டு உருவிக்கொண்டான். அந்த ஆள் இழுத்த இழுப்பில் இருந்ததும் கெட்டது. அதன்பின் கையை நெஞ்சுக்கு மேல் தூக்கினால் அலறினான். இடது கையால் அடித்துப் பார்த்தான். உதறிய உதறலில் வலது தோள் அவனையே உட்கார வைத்தது. தமயந்திக்கு நான்கு மாதம் நிம்மதி. சொல்லக் கூடாதுதான், முருகனுக்கு விளக்கே போட்டாள்.

கொடைக்கானலில் ஸ்கேன் பார்த்த டாக்டர் அவளிடம்தான் பேசினார். வேல்ராஜ் வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"தோளைத் தூக்குற தசைநார் கிழிஞ்சிருக்கும்மா. பக்கத்துல புஜத்தோட நாரும் உரசி உரசி நைஞ்சு கெடக்கு. இவ்வளவு வலியும் அதாலதான். அதை வெட்டி விட்டா வலி போயிரும். கிழிஞ்சதையும் தைச்சாத்தான் பலம் வரும்."

வலி போயிரும் என்றதுமே அந்தக் கை மறுபடி ஓங்குவதுதான் அவளுக்குத் தெரிந்தது. மற்றது காதில் ஏறவில்லை. வெளியே வந்து, "ஒத்தடம் குடுத்தாப் போதுமாம்ங்க" என்றாள்.

தை மாதம் மருந்துக்கடைக்காரர் டாக்டர் எழுதிய சீட்டைப் படித்துச் சொல்லிவிட்டார். வேல்ராஜ் கதவை உதைத்துக்கொண்டு வந்தான்.

"ஆபரேசன் பண்ணச் சொன்னதை மறைச்சியாடி?"

இடது கையால் கூந்தலைப் பற்றிச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. வெறியில் வலி மறந்து, அடுப்படி விறகுக் கட்டையை வலது கையில் எடுத்து ஓங்கினான். தோளுக்குள் டப்பென்று ஒரு சத்தம். புஜத்துச் சதை சரிந்து, முழங்கைக்கு மேல் எலுமிச்சம்பழம் போல் திரண்டது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். அவன் கையை மெல்ல அசைத்தான். பிறகு சிரித்தான்.

"வலி போயிருச்சுடி."

நைந்த நார் தானாகவே அறுந்துவிட்டது. எதற்குப் பயந்து பொய் சொன்னாளோ அது வந்துவிட்டது. இன்றோடு சரி என்று நினைத்தாள். அவன் மறுபடி ஓங்கிய கட்டை இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள்.

பிடித்த இடத்திலேயே கட்டை நின்றது. அவன் பல்லைக் கடித்து அழுத்தினான். கை நடுங்கியதே தவிர இறங்கவில்லை. வலிதான் போயிருந்தது, கிழிந்த தோள் கிழிந்தபடியேதான் இருந்தது. அவள் வெடுக்கென்று இழுத்தாள். கட்டை அவள் கைக்கு வந்துவிட்டது.

முதல் அடி அந்தத் தோளிலேயே விழுந்தது. இரண்டாவது முழங்காலில். அவன் மண்டியிட்டு விழுந்தான்.

"வேணாம், தமயந்தி."

அவளும் பதினோரு வருஷம் இதைத்தான் சொல்லியிருந்தாள். மூன்றாவது அடியை ஓங்கினாள்.