முந்நூற்று எண்பது பேரும் மஸ்தானும்

அந்த வாரம் முழுக்க நான் நடந்தேனா மிதந்தேனா என்று தெரியவில்லை. ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டுகளில் காலைப் பனி செம்பனை மரங்களின் இடுப்பு வரை நிற்கும். அதற்குள் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிப் போனால் கண் திறந்திருக்கும்போதே கனவு வரும்.

இந்த மலாய் நாட்டில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று மதிப்பிடும் ஆய்வில் எனக்கு வேலை. எல்லார் வீட்டுக் கதவையும் தட்ட முடியுமா? அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிய வீடுகளுக்குத்தான் போவோம். அகப்பட்ட ஒரு ஆள், கணக்கில் முந்நூற்று எண்பது பேருக்குச் சமம். அந்த முந்நூற்று எண்பது பேரும் எனக்கு மரங்களுக்கிடையில் தெரிவார்கள். தொப்பியும் முக்காடுமாகச் சத்தமில்லாமல் நிற்பார்கள். எனக்கு அவர்கள்மேல் கொள்ளை ஆசை. நம்ம ஆட்கள் கூடினால் யாருக்குக் கசக்கும்?

அன்றைய பட்டியலில் 'மஸ்தான், தகப்பன் பெயர் முனியாண்டி' என்று இருந்தது. மதம் மாறியவன் என்று நானே முடிவு கட்டினேன். தெமியாங்கில் என்னைப் பெற்ற அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் டீ குடித்துக்கொண்டே, ஆளைப் பார்க்காமலே டேப்லெட்டில் இஸ்லாம் என்று டிக் போட்டேன். இந்த ஆஃபியாவுக்குத் தெரியாத பெயரா என்ற திமிர்தான்.

மஸ்தான் வீட்டு வாசலில் கார் நின்றது. உள்ளே வெற்றிலைத் தட்டு, பலகாரம். நான் எதைக் கவனித்தேன்? பனி மயக்கம் தெளியாமலே நுழைந்து, புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்த மஸ்தானிடம், இஸ்லாத்துக்கு வந்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டுவிட்டேன்.

எதிரே இருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் சத்தியசீலன், தன் மகள் மோகனாவை மஸ்தானுக்குப் பேசி முடிக்க வந்திருந்தார். இந்த நாட்டில் முஸ்லிமைக் கட்ட வேண்டுமானால் மோகனாவும் மாறியாக வேண்டும். பெயரைக் கேட்டதிலிருந்தே அவருக்கு உறுத்தல் இருந்ததாம். முக்காடு போட்ட ஒருத்தி டேப்லெட்டோடு வந்து அதை உறுதி செய்துவிட்டாள். பாவி நான்.

மஸ்தானின் அம்மா தாயம்மா பதறவில்லை. தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி மெல்லச் சொன்னார்.

"மூணு புள்ளைங்கள சாவுக்குத் தூக்கிக் குடுத்தேன்மா. நாலாவத ஒரு புடி தவிட்டுக்கு வித்துட்டேன், அப்துல் மஜீத் பாய் சம்சாரத்துக்கு."

இவனும் தாயம்மா பிள்ளைதான் என்று சாவுக்கு அடையாளம் தெரிந்துவிடக் கூடாதாம். அந்தம்மா தவிட்டைக் கொடுத்து வாங்கி, மடியில் போட்டு, நாகூர் ஆண்டவரை நினைத்து மஸ்தான் என்று மூன்று தடவை கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. மற்றபடி அந்த வீட்டில் எல்லாம் மாரியம்மன்தான்.

சத்தியசீலன் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க லா. இவன் உங்க ஆளா, இல்லையா?"

இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்லி, அவர் கண்முன்னாலேயே டிக்கை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே முந்நூற்று எண்பது பேரும் முகம் திருப்பிப் பனிக்குள் நடந்து போனார்கள். எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் இல்லாதவர்களை எப்படி நிறுத்தி வைப்பது?

சத்தியசீலனுக்குப் பாதி நிம்மதிதான் வந்தது. சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், கல்யாணத்துக்கு முன்னால் பெயரை மாற்றிவிடலாம் என்றார்.

தாயம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பேரச் சொல்லித்தான் இவன் உசுரத் திரும்ப வாங்குனேன். மாத்துனா எனக்குப் பயமா இருக்குங்க."

மஸ்தான் மோகனாவை மூன்று வருடமாக விரும்புகிறவன். அவன் தலை நிமிராமல், அம்மாவைப் பயத்தில் விட்டுவிட்டு மாலை போட முடியாது என்றான். பலகாரத் தட்டில் ஈ உட்கார்ந்தது.

நான் மதத்தை இந்து என்று பதிந்தேன். டேப்லெட் ஏற்கவில்லை. மலாயில் ஒரு கேள்வி கேட்டது. சத்தியசீலன் எட்டிப் பார்த்து, என்னவென்று கேட்டார்.

"பேரும் மதமும் ஒத்துப்போகலையாம் அங்கிள். இப்படி ஒரு ஆளு நெஜமா இருக்காரான்னு கேக்குது."

அவர் தாயம்மாவை வெகுநேரம் பார்த்தார். இன்னும் மகனின் கையை விடாத அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆமான்னு அமுக்கும்மா," என்றார். "எங்க வீட்டு மாப்பிள்ள பேரு மஸ்தான்."