சுற்றி வளைத்த ஊர்

"தலமாட்ட நல்லாப் புடி மாமா" என்று சொல்லிக்கொண்டே ஆரோக்கிய செல்வி அம்மாவின் கால்பக்கம் பாயைத் தூக்கினாள். இறந்துபோன அல்போன்சாவின் உடம்பு கனக்கவே இல்லை. எதிர்வீட்டுச் சாமிநாதனும் அவளுமாக உள்ளறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். கூடத்து நீள மேசையில்தான் கிடத்த வேண்டும். மூன்று மணிக்கு மாதா கோயில் சாமியார் வருவார்.

மேசையை மறித்துக்கொண்டு அப்பா சவரிராயன் நின்றார்.

"அதத் தொடாதீங்க. அஞ்சு நிமிஷம். எது எங்க கீதுன்னு எழுதிக்கிறேன்."

மேசைமேல் அவருடைய பலகை இருந்தது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது பார்த்த ஒரு சண்டை ஆட்டத்தை, ஊர் திரும்பிய பிறகு தன் மனம்போலத் திருத்திக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தார். நடுவில் நீல ஆறு. ஆற்றுக்கு வடக்கே ஒரு நாடு, தெற்கே ஒரு நாடு. புளியங்கொட்டை காலாட்படை, பாட்டில் தக்கை பீரங்கி. வடக்குக்குக் கறுப்புச் சாயம், தெற்குக்குச் சிவப்பு. கறுப்பு அவருக்கு; சிவப்பை ஆடச் சாமிநாதன் வருவது வழக்கம்.

பத்து வருஷமாக அவருக்கு ஒரே கவலைதான். தெற்கு எப்போதும் தோற்றது. ஒரு பீரங்கி கூட்டிக் கொடுத்தார். அதன்பின் எப்போதும் தெற்குதான் ஜெயித்தது. பீரங்கியைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றில் பாலம் போட்டார். "ரெண்டு கட்சியும் சமமா இருந்தாத்தான் அது ஆட்டம்" என்பார். அவர் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அம்மா கழனியில் இருந்தாள், மாட்டுக்கொட்டகையில் இருந்தாள், அடுப்படியில் இருந்தாள்.

சவரிராயன் பென்சிலை நாக்கில் தொட்டு எழுத ஆரம்பித்தார். செல்விக்குக் கை கடுத்தது.

"வச்சிடு மாமா."

பாயைத் தரையில் இறக்கினார்கள்.

"யப்பா, பொண்டாட்டியத் தரையில போட்டாச்சு. நீ பொறுமையா எழுது."

"நாலாம் வரிசை, ரெண்டு கொட்ட…" அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"எங்கம்மா உள்ள ரத்தம் ரத்தமாத் துப்பிக்கினு கெடக்க, ரெண்டு பேரும் இங்க நாடு புடிச்சிக்கினு இருந்தீங்க. அது கூப்புட்டாவது காதுல வுழுந்துதா? உனுக்கு வெக்கமா இல்ல மாமா? தோள் குடுக்க வந்துட்ட!"

சாமிநாதன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நா எங்கம்மா வந்தேன்? ஆவணி மாசத்துலேந்து ஒங்கப்பனும் நானும் பேசிக்கறதே இல்ல. இன்னிக்கித்தான் இந்தப் படி ஏறுறேன்."

"பின்ன செவப்பு யாரு ஆடுறது?"

சாமிநாதன் சவரிராயனைப் பார்த்தார். சவரிராயன் எழுதுவதை நிறுத்தவில்லை.

"அவதான்" என்றார்.

செல்வி சட்டென்று குனிந்து அம்மாவைப் பார்த்தாள். தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத்துணி காதோரம் முடிச்சுப் போட்டிருந்தது.

"படுத்துக்கினே சொல்லுவா. நா நவுத்துவேன்" என்றார் சவரிராயன். "இதோ பாரு, இந்த ஊரு அவுளுது. நாலு பக்கமும் நா சுத்திக்கினேன். மூணு தபா நவுத்துறதுக்குள்ள உள்ளாற சோறு போவலன்னா ஊரு எனுக்கு. அதான் சட்டம். அவ ஒத்துக்கல. 'கரையாம்புத்தூர் பாண்டிச்சேரி ஊரு; அங்கேந்து எந்தப் பக்கம் போனாலும் தமிழ்நாடுதான், அதுக்காவ எங்கப்பன் ஊரு அவுங்களுதா ஆயிடுமா? உள்ள நிக்கிறது என் ஆளு, ஊரும் என்னுது'ன்னா. நேத்து சாயங்காலம் வரைக்கும் அதான் பேச்சு."

"சாவப்போறவளாண்டயா சட்டம் பேசுன? வுட்டுக் குடுத்தா இன்னா கொறஞ்சிடுவ?"

"வுட்டுக் குடுத்தா கண்டுபுடிச்சிடுவா. கலச்சிப் போடுன்னு சொல்லிட்டு மொவத்தத் திருப்பிக்குவா."

செல்வி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தான் இருக்கும் மூலக்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அப்பா உன்னாண்ட ஒக்காந்து பேசுறாரா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். "அவுருக்கு அவுரு பலக" என்பாள் அம்மா. மூலக்குளம் திரும்பும் வழியெல்லாம் அப்பாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே போவாள். 'நானுந்தான் ஆடுறேன்' என்ற அந்த ஒரு வார்த்தையை அம்மா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தள்ளு" என்றாள்.

அப்பாவை விலக்கிவிட்டுப் பலகையை இரண்டு கையாலும் தூக்கினாள். உள்ளறைக்குக் கொண்டுபோய் வெறுங்கட்டிலில் வைத்தாள். ஒரு கொட்டைகூட இடம் மாறவில்லை. வீசியடிக்காமல் இத்தனை பத்திரமாகக் கொண்டுவந்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

மூன்று மணிக்குச் சாமியார் வந்தார். கோயிலில் துக்க மணி அடித்தது. அடக்கம் முடிந்து திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பினார்கள்.

செல்வி கிணற்றடியில் புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வாளி வாளியாக இறைத்து ஊற்றியும் உடம்பு ஆறவில்லை. கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தபோது சவரிராயன் துண்டோடு தோட்டக் கதவில் வந்து நின்றார்.

"வெந்நி வைக்கலியா?"

போன வாரம்வரை அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வைத்துக்கொடுத்த வெந்நீர். செல்வி தோட்டத்து அடுப்பைக் கையால் காட்டினாள்.

அவர் அடுப்பின் முன் குந்தினார். பச்சை விறகை அடியில் திணித்து அதன்மேல் சுள்ளியை வைத்தார். மூன்று குச்சி கிழித்தும் பற்றவில்லை. நாலாவதில் புகை மட்டும் வந்தது. இருமிக்கொண்டே குனிந்து ஊதினார்.

ஈரப்புடவை காலில் ஒட்டிக்கொண்டிருக்க, செல்வி கிணற்றுச் சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.