இருப்பில் இருந்த ஒரே விருப்பம்

எங்கள் ஊரில் பத்தொன்பது வயது முடிந்தவர்கள் தங்கள் விருப்பத்தைத் தாலுகா ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு விருப்பம்தான். படிப்பு, வேலை, பொழுதுபோக்கு மூன்றையும் அதை வைத்தே ஓட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக் குருவம்மா மதினிக்கு ஏணி பிடிக்கும். ஏணியைப் பற்றி மூன்று வருடம் படித்தாள், ஏணி வாடகைக் கடையில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் எட்டாவது படியில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறாள். அவளைப் போல நிம்மதியான மனுஷி தெருவிலேயே கிடையாது.

எனக்குக் காத்திருப்பது பிடிக்கும். பஸ் வந்துவிட்டால் அதைப் போகவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். விண்ணப்பத்திலும் அதையே எழுதிக் கொடுத்தேன். விருப்பத் தாசில்தார் அருளப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவை படித்தார்.

"எதுக்காகம்மா காத்திருப்ப?"

"எதுக்குன்னு இல்ல சார். எது வந்தாலும் சரிதான்."

கோப்பின் ஓரத்தில் 'இலவு காத்த கிளி' என்று குறித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விதி விதிதான். புதன் காலையிலிருந்து வெள்ளி மாலை ஐந்து மணி வரை ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து விருப்பத்தைச் செய்துகாட்ட வேண்டும். பலன் தெரியாவிட்டால், அதாவது என்னைத் தேடி எதுவும் வராவிட்டால், ரத்து. பதிலுக்கு, இருப்பில் உள்ள விருப்பத்தை நம் பெயருக்கு எழுதிவிடுவார்கள். அந்தச் சமயம் இருப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போன மாதம் காலமான கிழங்கு மண்டி உலகநாதனுடைய சேப்பங்கிழங்கு. மனுஷர் லீவு நாளிலும் கிழங்குகளுக்குத் தலை சீவிக்கொண்டு இருப்பாராம். எனக்குச் சேப்பங்கிழங்கு என்றாலே நாக்கு அரிக்கும். ஆயுசு முழுக்க அதோடு குப்பை கொட்ட என்னால் ஆகாது.

அம்மா, "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பழகட்டும் என்று இரண்டு கிலோ சேப்பங்கிழங்கு வாங்கி வைத்தாள்.

புதன்கிழமை ஒரு காக்கா வந்தது. அது அந்த வளாகத்திலேயே குடியிருப்பது என்பதால் அருளப்பன் கணக்கில் எடுக்கவில்லை. வியாழக்கிழமை ஒரு குடை படியேறி வந்தது. வருமானச் சான்றிதழ் வாங்க வந்ததாம். அதையும் தள்ளிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. எது வந்தாலும் சரி என்று இருந்ததுதான் என் தப்பு. யாருடைய விருப்பத்தை என் தலையில் கட்டப் பார்க்கிறார்களோ, அந்த ஆளே வரட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். முதுகு, முழங்கால், சுண்டுவிரல் எல்லாம் சேர்ந்து காத்திருந்தன. நாலு ஐம்பதுக்கு அருளப்பன் பேனா மூடியைக் கழற்றினார்.

நாலு ஐம்பத்தாறுக்கு உலகநாதன் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டியில் லேசாக விபூதி வாசனை.

"என் விருப்பத்தை மறந்து வச்சிட்டுப் போயிட்டேன் சார். அங்க நாக்கு செத்துப்போச்சு."

"ரசீது இருக்கா?"

இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இருப்பு காலி. எனக்கு எழுதிக்கொடுக்க ஒன்றும் இல்லை, பலனும் கண்முன்னால் நிற்கிறது. அருளப்பன் என் விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார். என் விருப்பம் எனக்கே. ஆபீஸ் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அம்மா இரண்டு கிலோவையும் வறுத்து உலகநாதனுக்கு இலை போட்டாள். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, உப்பு ஒரு கல் கம்மி என்று சொல்லி ஏழு மணி பஸ்ஸில் போனார்.

மறுநாள் என் பெஞ்சுக்கு முன்னால் வரிசை நின்றது. மாப்பிள்ளை, மழை, துபாய் விசா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "நீங்க போய் உங்க வேலையப் பாருங்க, நான் காத்திருக்கேன்" என்று எல்லாரையும் அனுப்பினேன். கடைசியில் அருளப்பன் நின்றார். சொந்த ஊருக்கு மாற்றல் உத்தரவு வரவேண்டுமாம்.

"பதினாலு வருசமாச்சு தாயி."

"கிளிகிட்டயா சார் வந்து நிக்கீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். எனக்கே பாவமாகிவிட்டது. அவர் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் உத்தரவு வந்தது. மூன்று பஸ் மாறி வந்ததில் ஓரமெல்லாம் கசங்கியிருந்தது. கைக்கு ஒன்றாக இரண்டு நகல்களைப் பிள்ளைகள் மாதிரிப் பிடித்திருந்தது. அருளப்பன் பெட்டியோடு தயாராகிவிட்டார். அதற்குள் சின்ன நகல் குருவம்மா மதினியின் ஏணியில் எட்டாவது படிக்கு ஏறி முறுக்குக் கேட்டது. ஒரு நகல் குறைந்தாலும் உத்தரவு செல்லாதாம். அது இறங்குகிற வரைக்கும் என்ன செய்வது என்று அருளப்பன் என்னைக் கேட்டார். நான் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தேன்.