ஏலத்துக்குப் போன தார்ப்பாய்

ஏல மேடையில் வாலிபர் சங்கத்து ஆல்வின் மைக்கைப் பிடித்தபடி தலைக்குமேல் தூக்கிக் காட்டியது என்னுடைய தார்ப்பாய். முதலில் நம்பவில்லை. மூலையில் நான் போட்ட சணல் தையல் தெரிந்தது. சர்ச் அறுப்புப் பண்டிகைக்கு முதற்பலன் காணிக்கையாக ஒரு மூட்டை நெல்லை டிவிஎஸ்ஸில் கட்டி, காலைத் தூறலுக்காக அதன்மேல் தார்ப்பாயை மடித்துப் போர்த்தி எடுத்து வந்திருந்தேன். இறக்கி வைத்த வாலிபர் சங்கத்தார் போர்த்தியதையும் சேர்த்து, ஏலம் விடும் காணிக்கை மேசையில் வைத்துவிட்டார்கள். பூசணிக்காய்க்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவே கிடந்திருக்கிறது. கை கழுவப் போன நேரத்தில் நடந்த வேலை. இவர்களை நம்பி விட்டுப்போனது என் புத்தி.

உடனே திரும்புவதாகத்தான் வந்தேன். தூறல் விட்டு வெயில் வந்ததும் களத்தில் சொர்ணவாரிப் போகத்து நெல் மொத்தத்தையும் பரப்பியிருப்பாள் என் மனைவி ஹெலன். இப்போது கடல் பக்கம் வானம் மறுபடி கறுத்துவிட்டது. நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நிலத்துக்காரர் குத்தகைக்கு மழைக் கதை கேட்க மாட்டார்.

"டேய் ஆல்வினு, அது என்துடா. எறக்கு."

"காணிக்க மேசைக்கு வந்தா ஆண்டவருக்கு வந்த மாதிரி பெரிப்பா. திருப்பி எடுக்கக் கூடாது. வோணும்னா ஏலம் கேளு."

பந்தலே சிரித்தது. என் பொருளை நானே ஏலம் கேட்டேன். எனக்குமேல் ஜோயல் கேட்டான். என் தம்பி மகன்தான். கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்கியவன், பண்டிகைக்குப் பண்டிகை வெள்ளைச் சட்டையில் வருவான்.

"ஒனக்கு இன்னாத்துக்குடா அது? ஃபிளாட்டு மேல போத்தப் போறியா?"

"காருக்குப் போத்துவேன் பெரிப்பா. நீ கேளு, கேளு. கோயிலுக்குத்தான போவுது."

இந்த ஊரில் அதைச் சொல்லிவிட்டால் போதும், யாரும் வாய் திறக்க முடியாது. நான் கேட்கக் கேட்க அவன் ஏற்றினான். எனக்குக் கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டேன். எடுத்தவனாவது கொடுப்பான் என்று கையை நீட்டினேன். அவன் மேடையைப் பார்த்து, "மறு ஏலம்!" என்று கத்தினான். விசில் பறந்தது. வசதி உள்ளவன் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதும், அதையே மறுபடி ஏலம் விடுவதும் இங்கே பெருமை. போன வருஷம் ஒரே முட்டை சுற்றிச் சுற்றி வந்து, ஏலம் முடிந்து போடவேண்டிய பிரியாணி ஆறிப்போனது.

அப்போதுதான் சடசடவென்று பிடித்தது.

"ஆசீர்வாத மழை!" என்றான் ஆல்வின் மைக்கில்.

மேடையேறி அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"பெரிப்பா, ஏலம் முடியல!"

"நீயே கேட்டு நீயே முட்ச்சிக்கோ."

"கெய்வனுக்கு தெய்வ பயமே கெடையாது" என்றது ஒரு குரல். திரும்பவில்லை. டிவிஎஸ் கிளம்பவில்லை. ஓடினேன். சேற்றில் இழுபட்ட தார்ப்பாயின் மறுமுனையை யாரோ தூக்கிப் பிடித்தார்கள். ஜோயல்.

"கோச்சிக்காத பெரிப்பா. களத்துல நெல்லு கீதுன்னு எனக்குத் தெரியாது."

"அறுப்புப் பண்டிக கொண்டாட வந்தவன்தான நீ? நெல்லு வேற எங்கடா இருக்கும்?"

அவன் மூச்சிரைப்பு மட்டும் பின்னாலேயே வந்தது.

ஹெலன் முடிந்தவரை கூட்டிக் குவித்து, பாயும் புடவையும் யூரியா சாக்கும் போட்டு மூடி, ஒரு பக்கம் தானே சாய்ந்து கிடந்தாள். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். தார்ப்பாயை விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தோம். அதற்குள் குவியலுக்கு அடியில் தண்ணீர் வழி கண்டுபிடித்து நெல்லை இழுத்துக்கொண்டிருந்தது. களத்தை ஒட்டிய வாய்க்கால் ஓரத்தில் ஜோயல் மண்டியிட்டு, இரண்டு கையையும் சேர்த்து அணை மாதிரி வைத்தான். தண்ணீர் நின்றது, ஏறியது. அவன் விரலிடுக்கில் ஒவ்வொன்றாக நெல் நழுவிப் போய்க்கொண்டிருந்தது.