முப்பத்தொன்று, பன்னிரண்டு, தொண்ணூற்றொன்பது

மருத்துவமனையின் பணியாளர் பிரிவு ஜன்னல் முன்னால் சலவைக்கூடத்து அக்கா நின்றிருந்தாள். வெந்நீர்த் தொட்டியிலிருந்து நேராக வந்ததால் சட்டைக் கை முழங்கை வரை ஈரம். வலது மணிக்கட்டில் இஸ்திரி உருளை சுட்ட பழைய தழும்பு பிறை போல வளைந்திருந்தது.

பின்னால் பெஞ்சில் அவள் வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல்காரர். இரண்டு கண்ணிலும் புரை. தினமும் அவள் வேலைக்குக் கிளம்பும் முன் ஊசிகளில் நூல் கோத்துத் துணி உருண்டையில் குத்தி வைத்துவிட்டு வருவாள். கோத்த ஊசி தீர்ந்தால் அன்றைய தையலும் தீர்ந்தது. இன்று அவருக்கு ஆபரேஷன். பணியாளர் குடும்பத்துக்கு இலவசம். இந்த ஜன்னலில் ஒரு சீட்டு வாங்கிக் கண் பிரிவில் கொடுத்தால் போதும்.

உள்ளே ஆபரேட்டர் பெண் புதுத் திரையைப் பார்த்துத் தடவித் தடவி அடித்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக ஓடிய பழைய புரோகிராம் இந்த வாரம்தான் நின்றது. தகவல் எல்லாம் புதுசுக்கு ஏறிவிட்டது என்று கம்பெனி இன்ஜினீயர் சொன்னார், மேலாளர் கையெழுத்துப் போட்டார், கேக்கும் வெட்டியாயிற்று.

"அக்கா, உங்க பேருக்கு நேரா ‘விலகியவர்’னு வருது."

"நான் எங்க விலகினேன்? குத்துக்கல்லாட்டம் இங்கதானே நிக்கிறேன்."

"தொண்ணூத்தொம்போது டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதியே வேலைய விட்டுட்டீங்கன்னு காட்டுது."

"அதான் கேட்ல கட்டை விரல வெச்சா அது கத்துதா! வாட்ச்மேன் அண்ணன், ‘மெஷினுக்குத்தான் உன்னைத் தெரியாது, எனக்குத் தெரியும், போ’ன்னு உள்ள விட்டாரு."

ஆபரேட்டர் சிரித்தாள். பிறகு அந்தத் தேதியை இன்னொரு முறை பார்த்தாள். சிரிப்பு நின்றது.

பழைய புரோகிராமில் ‘விலகிய தேதி’ என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. அதனால் வேலையில் இருப்பவர்களுக்கு 31-12-99 என்று போடுவார்கள். இன்னும் போகவில்லை என்று அர்த்தம். அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படித்தான் போட்டார். அவளும் போட்டாள். நாளடைவில் விரல் தானாகவே அங்கே போய்த் தட்டிவிட்டு வந்தது. "வழக்கத்துக்கு மாறா ஏதாவது இருக்கா மேடம்?" என்று இன்ஜினீயர் கேட்டபோது, உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான், "ஒண்ணும் இல்ல சார்" என்றாள். அதுதானே வழக்கம்.

இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டினாள். தூக்கமில்லாமல் கண் சிவந்த இளைஞன். பார்த்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த 99-ஐ சிஸ்டம் 1999-ன்னு எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் சேர்ந்தவங்களுக்கெல்லாம், சேர்றதுக்கு முன்னாடியே எப்படி விலகினாங்கன்னு சிஸ்டம் சிவப்பா காட்டிச்சு மேடம். தப்புத் தேதின்னு அழிச்சுட்டோம். முன்னாடி சேர்ந்தவங்களுக்கு அப்படி ஒண்ணும் காட்டல. சேர்ந்தாங்க, விலகினாங்க, சரியாத்தானே இருக்கு?"

"அப்போ பழைய ஆளுங்க மட்டும் போயிட்டாங்களா?"

அவன் தலையாட்டினான். "திருத்தலாம். ஆனா ஒப்படைச்சாச்சு. இனிமே தொடணும்னா, தப்பு இருக்குன்னு இங்கேருந்து எழுதிக் குடுக்கணும்."

மூவரும் மேலாளர் அறைக்குப் போனார்கள். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, அக்காவை உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனால் எழுதிக் கொடுக்கிற பேச்சு வந்ததும் முகம் மாறியது.

"தப்புன்னு எழுதினா, எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டது யாருன்னு மேல கேப்பாங்க." ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் இல்லன்னு சொன்னது யாருன்னும் கேப்பாங்க."

அவள் ஒப்பந்த ஊழியர். அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு பண்ணலாம்மா," என்றார் மேலாளர். "இன்னைக்குப் புதுசா சேர்ந்ததா போட்டுடுவோம். வேலையாவது நிலைக்கும்ல?"

"இவருக்குக் கண்ணு ஆபரேஷன் சார்?"

"புதுசா சேர்ந்தவங்க குடும்பத்துக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான்."

"அப்போ நேத்து வரைக்கும் இங்க துணி தொவச்சது யாரு சார்?"

மேலாளர் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார். இன்ஜினீயர் போனைப் பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று ஆபரேட்டருக்குத் தெரிந்தது. மறைக்கிற கைகளில் தன் கையும் ஒன்று என்பதும் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அக்கா மெதுவாகச் "சரி சார்" என்றபோது, அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது.

வெளியே வீட்டுக்காரர் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து நின்றார்.

"என்ன, சீட்டுக் குடுத்துட்டாங்களா?"

"அடுத்த வருஷம் வரச் சொல்றாங்க."

அவர் பெஞ்சைத் தடவி மறுபடி உட்கார்ந்தார். பிறகு, "சரி விடு. தினம் இன்னும் ரெண்டு ஊசி சேர்த்துக் கோத்து வெச்சுடு" என்றார். அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

புதிதாகச் சேர்பவர்கள் பயிற்சிப் படம் பார்த்து முடித்தால்தான் புதுச் சிஸ்டம் கட்டை விரலை ஏற்கும். ஆபரேட்டர் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே அன்று சேர்ந்த ஒரு பெண், கல்லூரிப் பை மடியில் இருக்க, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரையில் ‘படுக்கை விரிப்பை மடிக்கும் முறை’ என்று வந்தது. போன வருடம் இங்கேயே சலவைக்கூடத்தில் எடுத்த படம். முகம் இல்லை, கைகள் மட்டும்தான். அவை விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து, ஓர் உதறு உதறி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தன. வலது மணிக்கட்டில் பிறை போல ஒரு தழும்பு.

கல்லூரிப் பைக்காரி திரையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில், மடியில் கிடந்த கையைப் பார்த்தாள்.

படம் முடிந்து, ‘இப்படி மடிக்கக் கற்றுக்கொண்டீர்களா?’ என்று ஒரு கேள்வி வந்து நின்றது. அக்கா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய், ‘ஆம்’ என்ற பொத்தானைத் தொட்டாள்.